இரண்டு பேராகப் போனால் செலவு பாதியாகுமா? மெல்போர்னில் ஒன்பது நாள்

21 ஏப்ரல் 2024, ஒரு வாசகரின் கேள்வி

ஆஸ்திரேலியா என்றாலே கையைக் கடிக்கும் என்கிறார்கள். ஆனால் தோழி ஒருத்தியோடு சேர்ந்து போனால் எல்லாச் செலவும் சரிபாதியாகிவிடும் என்பது என் கணக்கு. மெல்போர்னுக்கு இரண்டு பேராகப் போய்வந்தவர்கள் உண்மை நிலவரத்தைச் சொல்ல முடியுமா? நாங்கள் இருவருமே சைவம், நடக்க அஞ்சாதவர்கள்.

21 ஏப்ரல், இரவு

சரிபாதி ஆகாது. நானும் கல்லூரித் தோழியும் ஏப்ரல் 2 முதல் 10 வரை அங்கே இருந்துவிட்டு வந்தோம். செலவு எழுதிய நோட்டு இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது. விமானம், விசா, நகரப் பயணம் ஆகிய மூன்றும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். இரண்டு பேர் என்பதற்காக யாரும் ஒரு செண்ட் குறைப்பதில்லை. உண்மையில் பாதியாகக் கூடியவை அறையும் அடுப்பும் மட்டுமே.

அறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாங்கள் தங்கிய விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஓர் அடுக்குக் கட்டிலுக்கு இரவுக்கு 48 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள். இரண்டு பேருக்கு 96 ஆகிறது. அதே விடுதியில், குளியலறை மட்டும் பொதுவாக இருக்கும் இரட்டைக் கட்டில் அறை 104 டாலர். எட்டு டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம் என்ற நிலையில், தனியாகப் போகிறவருக்குக் கிடைக்காத சலுகை இது ஒன்றுதான். அந்த 48 டாலர் கூட விடுமுறை விலை என்பது போன பிறகுதான் தெரிந்தது. அங்கே மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பள்ளிகளுக்கு விடுமுறை. நாங்கள் விமானச் சீட்டின் விலையைப் பார்த்தோமே தவிர, அந்த ஊர்ப் பிள்ளைகளின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் கிடையாது. நேரே போகும் தனியார் பேருந்துக்குத் தலைக்கு 20 டாலருக்கு மேல் ஆகும். நாங்கள் 901 எண் நகரப் பேருந்தில் பிராட்மெடோஸ் ரயில் நிலையம் வரை போய், அங்கிருந்து மின்ரயிலில் நகருக்குள் சென்றோம். தலைக்கு மொத்தம் 5 டாலர் 30 செண்ட் ஆனது. நேரம் இரண்டு மடங்கு ஆனது. கையில் ஏழு கிலோப் பை ஒன்றுதான் என்பதால் சிரமம் தெரியவில்லை. பெரிய பெட்டியோடு போகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

22 ஏப்ரல்

பயண அட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதன் பெயர் மைக்கி. 2024இல் அட்டைக்கு மட்டும் 6 டாலர். அது திரும்ப வராது. இரண்டு பேருக்கு ஓர் அட்டை செல்லாது. அப்போது இரண்டு மணி நேரத்துக்கு 5.30 டாலர், ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் 10.60 டாலருக்கு மேல் பிடிக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் அந்த உச்சவரம்பு 7.20 டாலராக இருந்தது.

நகர மையத்தில் டிராம் இலவசம். 2015 ஜனவரி முதல் அப்படி. அந்த எல்லைக்குள் மட்டும் போகிறவர் வண்டியில் இருக்கும் கட்டணப் பெட்டியில் அட்டையைத் தொடவே கூடாது. தொட்டால் காசு போய்விடும். என் தோழி சட்டத்துக்குப் பயந்தவள். முதல் நாள் காலையிலேயே, நான் தடுப்பதற்குள், பெட்டியின் மேல் அட்டையை வைத்து அழுத்திவிட்டாள். "என்னடி இது, சும்மா போற வண்டிக்கு முந்நூறு ரூபா கொடுத்திட்டே" என்று நான் சொன்னதை அன்று முழுவதும் அவள் மறக்கவில்லை. டாலருக்கு ஏறக்குறைய 55 ரூபாய் என்ற கணக்கில் நான் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிக்கொண்டே வந்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

22 ஏப்ரல், சற்றுப் பின்னர்

காசில்லாமல் பார்க்கக் கூடியவை என்று கேட்டால், அந்த ஊரின் நல்ல கட்டடங்களில் பாதி அந்தப் பட்டியலில் வந்துவிடும். விக்டோரியா மாநில நூலகத்தில் 1913இல் திறந்த குவிமாட வாசிப்பறை இருக்கிறது. எண்கோண அறை, நடுமேடையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மேசைகள் நீண்டு கிடக்கின்றன. மேல்மாடியில் நின்று கீழே படிக்கிறவர்களைப் பார்த்தபடியே ஒரு மணி நேரத்தைக் கழித்தோம். நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் ஏர்க்கொழுத் தகட்டில் அடித்துப் போட்டுக்கொண்ட இரும்புக் கவசமும் அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. அவனை 1880இல் தூக்கிலிட்ட பழைய சிறை பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. கவசத்துக்குக் கட்டணம் இல்லாததால் நாங்கள் கவசத்தைப் பார்த்ததோடு திரும்பிவிட்டோம்.

செயின்ட் கில்டா சாலையில் இருக்கும் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்கும் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வாசலில் கண்ணாடிச் சுவர் ஒன்றின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். போகிற குழந்தைகள் எல்லாம் அதில் விரல் வைத்துக் கோடு கிழிப்பார்கள். நாங்களும் கிழித்தோம். உள்ளே பெரிய மண்டபத்தின் கூரை முழுவதும் வண்ணக் கண்ணாடி. தரையில் மல்லாந்து படுத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் பொது இடத்தில் நீட்டிப் படுத்தால் நம் ஊரில் ஆம்புலன்ஸ் வரும். அங்கே எங்களுக்கு இருபுறமும் வேறு சிலரும் படுத்திருந்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் இலவச டிராமிலேயே போய்விடலாம்.

23 ஏப்ரல்

மேலே உள்ள குறிப்பின் கடைசி வரி தவறு. மெல்போர்னில் வாழும் வாசகர் ஒருவர் சரியாகவே கண்டித்திருக்கிறார். இலவச எல்லை பிளிண்டர்ஸ் தெருவோடு முடிந்துவிடுகிறது. ஆற்றைக் கடந்தால் கலைக்கூடம் எல்லைக்கு வெளியே. நாங்கள் பாலத்தை நடந்து கடந்ததால் எனக்கு அது உறைக்கவில்லை. என் வரியை நம்பி யாரேனும் அட்டையைத் தொடாமல் டிராமிலேயே பாலத்தைத் தாண்டிவிட்டால், பரிசோதகரிடம் அபராதம் கட்டும் நிலை வரலாம். பிளிண்டர்ஸ் தெரு நிலையத்தின் வாசலில் வரிசையாகக் கடிகாரங்கள் தொங்குகின்றன. அவற்றின் கீழே இறங்கி நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. இது கொஞ்சம் சங்கடமானது. தோழி தொட்டு வீணாக்கியதாக நான் சொன்ன 5.30 டாலரை நோட்டில் மறுபடி கூட்டிப் பார்த்தேன். அன்று பிற்பகல் நாங்கள் ரயிலில் பிரைட்டனுக்குப் போய், கடற்கரையில் வண்ண வண்ணமாக நிற்கும் மரக்குடில்களைப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்பினோம். போக ஓர் இரண்டு மணி நேரக் கட்டணம், வர ஒன்று. ஆக என் அட்டையிலும் அன்று 10.60 போயிருக்கிறது. அவள் அட்டையிலும் உச்சவரம்பான அதே 10.60தான். காலையில் அவள் தொட்டதால் ஒரு செண்ட் கூட நட்டமில்லை. ஒரு நாள் முழுக்க அவளைக் குத்திக் காட்டியது மட்டும்தான் மிச்சம்.

25 ஏப்ரல்

இன்று அங்கே அன்சாக் நாள், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் நாள். ஷ்ரைன் ஆஃப் ரிமெம்பரன்ஸ் என்ற போர் நினைவாலயத்தில் விடியலுக்கு முன்பே கூட்டம் நிற்கும். நாங்கள் போனபோது ஈ, காக்கை இல்லை. 1934இல் திறந்த கட்டடம், அனுமதி இலவசம், மேல்மாடத்திலிருந்து நகரம் முழுவதும் தெரியும். காசு கொடுத்து வானளாவிய கட்டடத்தின் உச்சிக்கு ஏற நினைப்பவர்கள் முதலில் இதில் ஏறிப் பார்க்கலாம்.

உள்ளே தரையில் பதித்த நினைவுக் கல்லின் மேல், ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு, கூரைத் துளை வழியாக வெயில் வந்து விழும்படி கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் வந்தபோது, சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அதனால் கண்ணாடிகளை வைத்து வெயிலைத் திருப்பி, 11 மணிக்கே விழச் செய்கிறார்கள். இதைக் கேட்டதும் தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று நாள் கழித்து அதே கடிகார வழக்கம் எங்களையும் பிடித்துக்கொண்டது. அதைப் பலராட் என்ற ஊருக்குப் போனதைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

28 ஏப்ரல்

சாப்பாடு. கேட்டவர் சைவம் என்பதால் நீட்டி எழுதுகிறேன்.

காலையில் விடுதிச் சமையலறையில் ரொட்டியும் பழமும். மதியம் இரண்டு நாள், ஸ்வான்ஸ்டன் தெருவில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தினர் மாடியில் நடத்தும் உணவகத்தில், வெங்காயமும் பூண்டும் இல்லாத சோறும் பருப்பும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். தண்ணீரை ஒரு முறை கூட விலைக்கு வாங்கவில்லை. குழாய்த் தண்ணீரையே எல்லாரும் குடிக்கிறார்கள். குவீன் விக்டோரியா சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் பழக்கூடையை விலை குறைத்துக் கூவுவார்கள். திங்களும் புதனும் அந்தச் சந்தை மூடியிருக்கும். நாங்கள் போன முதல் தடவை புதன்கிழமை.

சனிக்கிழமை டாண்டினாங் வரை ரயிலில் போய், பேருந்து மாறி, கேரம் டவுன்ஸில் இருக்கும் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனோம். அந்தப் பேருந்தின் எண்ணும் 901தான். விமான நிலையத்தில் நாங்கள் ஏறிய அதே தடம், நகரை வெளிவட்டமாகச் சுற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்கிறது. முதல் நாள் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் நேரே சாமி கும்பிட்டிருக்கலாம் என்றாள் தோழி. இறங்கிச் சற்று நடக்க வேண்டும். கோபுரத்தைப் பார்த்ததும் கால் வலி தெரியவில்லை என்று எழுத ஆசைதான், தெரிந்தது.

திரும்பும் வழியில் டாண்டினாங் கடைத்தெருவில் தோசை மாவு ஒரு டப்பா வாங்கினோம். விடுதிச் சமையலறையில் அன்று மாலை இளைஞர் கூட்டம், அடுப்பு கிடைக்கவில்லை. அப்போது நினைவுக்கு வந்ததுதான் பூங்காக்களில் இருக்கும் மின்சாரச் சூட்டுத் தட்டு. அந்த நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் மேடை கட்டி, எஃகுத் தட்டு பதித்து, பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் சூடேறும், சிறிது நேரத்தில் தானாக அணையும், மறுபடி அழுத்த வேண்டும். காசு கிடையாது. யாரா ஆற்றங்கரையில் அலெக்சாண்டிரா பூங்காவில் அப்படி ஒன்றைப் பிடித்தோம்.

இனிச் சொல்வதை அனுபவப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டு இறைச்சி சுடுவதற்கென்று அமைத்தது. முன்னால் வந்தவர் என்ன சுட்டார் என்பது வாசனையிலேயே தெரியும். நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மேலே அலுமினியத் தாள் விரித்தோம். தட்டின் நடுவே கொழுப்பு வடிவதற்கு ஒரு துளை. தட்டு முழுவதும் அந்தத் துளையை நோக்கிச் சாய்ந்திருக்கும். தாளுக்கு அடியில் அந்தப் பள்ளம் இருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை. முதல் தோசை வட்டமாகத் தொடங்கி, மெதுவாக நகர்ந்து, நடுவில் போய்க் குளமாக நின்றது. அடுத்ததை ஓரத்தில் கரண்டி அளவாக ஊற்றினோம். மூன்றாவது நன்றாகவே வந்தது. பக்கத்து மேடையில் இருந்த குடும்பத்தின் சிறுமி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று கொடுத்தோம். இட்லிப் பொடி காரம் என்று சொன்னோம், கேட்காமல் தொட்டுக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் அன்றைய இரவுச் சாப்பாடு, மாவும் தாளும் சேர்த்து, 11 டாலருக்குள் முடிந்தது. ஒன்பது நாளில் மிகவும் மலிவான சாப்பாடும் மிகவும் நல்ல சாப்பாடும் அதுவே. கேள்வி கேட்டவரின் சரிபாதிக் கணக்கு அந்த ஒரு வேளைக்கு முழுமையாகப் பொருந்தும், ஏனென்றால் ஒருத்தியாக இருந்தால் நான் அங்கே நின்று தோசை ஊற்றியிருக்கவே மாட்டேன்.

29 ஏப்ரல்

இட்லிப் பொடியை எப்படி உள்ளே கொண்டுபோனீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விமானத்தில் தரும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று எழுதினோம். அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தோழியின் பையில் ஒரு கொத்துப் பச்சைக் கறிவேப்பிலை இருந்தது. அது குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. எழுதிக் காட்டியதால் அபராதம் இல்லை. மறைத்தால் தண்டம் கடுமை. கறிவேப்பிலை விஷயத்தில் வீரம் வேண்டாம்.

4 மே

பலராட். 2023 மார்ச் கடைசியிலிருந்து விக்டோரியா மாநிலத்தின் எந்த ஊருக்கு ரயிலில் போனாலும் நாள் உச்சவரம்பு மெல்போர்ன் நகரத்துக்கு உள்ளதேதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய், அதே போலத் திரும்பி வர, தலைக்கு 7.20 டாலர்தான் ஆனது. விமான நிலையத்துக்குப் போகும் தனியார் பேருந்தின் கட்டணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 7 அதிகாலை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். என் கைப்பேசி தானாகத் திருத்திக்கொண்டது. தோழியின் கைக்கடிகாரம் திருத்திக்கொள்ளவில்லை. அவள் தன் கடிகாரத்தைப் பார்த்து என்னை எழுப்பிவிட, சதர்ன் கிராஸ் நிலையத்தின் அலை அலையான கூரைக்குக் கீழே குளிரில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தோம். ஸ்பென்சர் தெரு நிலையம் என்பது அதன் பழைய பெயர். 1986இல் கலைக்கூடத்திலிருந்து பிக்காசோவின் 'அழும் பெண்' ஓவியத்தைத் திருடியவர்கள், கலைக்கு அரசு கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும் என்று கடிதம் எழுதி மிரட்டிவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு ஓவியத்தை இந்த நிலையத்தின் பெட்டகம் ஒன்றில் வைத்துவிட்டுப் போனார்கள். பழுதில்லாமல் கிடைத்தது, திருடர் அகப்படவில்லை. காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள்.

பலராட்டில் 1851இல் தங்கம் கிடைத்தது. உரிமக் கட்டணத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் 1854 டிசம்பர் 3இல் படையோடு மோதியதும் அங்கேதான். லிடியார்ட் தெருவின் பழைய கட்டடங்கள், கட்டணமில்லாத ஓவியக்கூடம், 1956 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்த வெண்டூரி ஏரி, அதன் கரையில் பிரதமர்களின் மார்பளவுச் சிலைகள் நிற்கும் தாவரப் பூங்கா என்று நடந்தே பார்த்தோம். தங்கக் காலத்து ஊரை அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கும் சவரன் ஹில்லுக்குத் தலைக்கு 40 டாலருக்கு மேல். "உள்ள போயிட்டு வரலாமா?" என்று தோழி கேட்டாள். இருவருக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, செட்டுப் போட்ட ஊரைப் பார்க்க இவ்வளவா என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பெரிய மிச்சம்.

5 மே

சவரன் ஹில்லைத் தவிர்த்தது புத்திசாலித்தனம் என்று பாராட்டியவருக்கு: எனக்கும் நேற்று எழுதும்போது அப்படித்தான் இருந்தது. இன்று அவ்வளவு உறுதியாக இல்லை. திரும்பும் ரயிலில் அவள் சன்னலைப் பார்த்தபடியே வந்தது நினைவுக்கு வருகிறது. களைப்பு என்று நினைத்தேன்.

19 மே

தோழி இந்தக் குறிப்புகளை எல்லாம் படித்துவிட்டு நேற்று அழைத்தாள். தோசைக் கதையில் துளையைக் கவனிக்காதது நான்தான், அவள் அல்ல என்பதைப் பதிவு செய்யச் சொன்னாள். செய்துவிட்டேன்.

பிறகு அந்த 40 டாலரைப் பற்றிச் சொன்னாள். அவள் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். இது எனக்கு முப்பது ஆண்டாகத் தெரியும். கல்லூரி விடுதியில் அவளை நாங்கள் அழைத்ததே 'தங்கம்' என்றுதான். அவளுடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கம் அது. குழந்தையாக இருந்தபோது, ஒரு தடவை தன்னையும் கீழே கூட்டிப் போகச் சொல்லி அவரிடம் அழுதிருக்கிறாள். அது நடக்கிற காரியம் இல்லை. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குள் அவரும் போய்விட்டார். சவரன் ஹில்லில் நிலத்துக்குக் கீழே சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அவள் படித்து வைத்திருக்கிறாள். உருக்கிய தங்கத்தை அச்சில் ஊற்றிக் காட்டுவதையும்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ரூபாய்ல பெருக்கிட்டிருந்தே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

2 ஜூன்

கேள்வி கேட்டவர் ஆகஸ்டில் போகப் போகிறாராம். குளிர் இருக்கும், மெல்போர்னில் காலையில் வெயில், மதியம் மழை, மாலையில் காற்று என்று ஒரே நாளில் வருவது சாதாரணம். குடையைக் காற்று பிய்த்துவிடும், தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோர மலைச்சாலையைப் பார்க்கச் சுற்றுலா வண்டிதான் வழி என்று நினைக்க வேண்டாம். ஜீலாங் வரை ரயில், அங்கிருந்து அப்பல்லோ பே வரை பேருந்து. அதற்கும் அதே நாள் உச்சவரம்புதான். நாங்கள் போகவில்லை, ஒரு நாள் போதவில்லை.

புறப்படும் முன் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு தாளில், எவ்வளவு ஆனாலும் விடமாட்டேன் என்னும் ஒன்றை மட்டும் எழுதி, மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் கஞ்சத்தனம் செய்யலாம்.

6 ஜனவரி 2025

2025 ஜனவரி முதல் மைக்கியின் நாள் உச்சவரம்பு 11 டாலர் ஆனது. மேலே நான் எழுதிய பழைய தொகைகள் 2024இல் இருந்தவை என்று படிக்கவும்.

அட்டை நான்கு ஆண்டு செல்லும் என்பதால் இருவருமே தூக்கிப் போடவில்லை. என்னுடையதில் 1.90 டாலர் மிச்சம் இருக்கிறது. தோழியினுடையதில் 7.20 இருக்கிறதாம். கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் முன், எனக்குத் தெரியாமல் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும் என்று நினைத்தாளாம். சனி, ஞாயிறு கட்டணமும் ஏறிவிட்டது என்பதை இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை.